மம்சார் கேட்டில் போனது யார்

"வண்டி தானா போவாது தங்கச்சி. யாரோ ஓட்டியிருக்காங்க."

இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கும். கையில் ஒரு தாள். தாளில் ஏதோ ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருப்பார். அந்த வட்டத்தைப் பார்த்ததும் ஆபீஸில் எல்லோருக்கும் திடீரென்று அவசர வேலை வந்துவிடும். கார் கழுவுகிறவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார். நான் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு "எஸ் சார், எஸ் சார்" என்று காற்றோடு பேசுவேன். அவர் விடமாட்டார். நான் பேசி முடிக்கும்வரை கவுண்டருக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளரைப் போல நிற்பார்.

அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிட்டோம். நாகூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். துபாயில் அபு ஹெய்ல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கார் வாடகைக் கம்பெனியில் கடைசி மேசை அவருடையது. முதல் மேசை, அதாவது கவுண்டர், என்னுடையது. காரைக் கொடுப்பதும் வாங்குவதும் நான். கார் எந்த எந்த கேட்டில் போனது, அதற்கான பணம் யாருடையது என்று பார்ப்பது அவர்.

கேட் என்றால் நம் ஊர் சுங்கச்சாவடி மாதிரி தடுப்பும் சில்லறைச் சண்டையும் கிடையாது. சாலைக்கு மேலே ஒரு வளைவு நிற்கும். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை அது படித்துக்கொள்ளும். நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு சாலிக் என்று பெயர். சொந்தக் கார் என்றால் உங்கள் கணக்கில் பணம் கழியும். வாடகைக் கார் என்றால் கம்பெனி கணக்கில் கழியும். கம்பெனி ஒரு வாரம் பத்து நாள் கழித்து உங்களிடம் வசூலிக்கும். எந்த நிமிஷம் எந்த கேட்டில் எந்த கார் என்று ஒரு பட்டியல் வரும். அந்த நேரத்தில் கார் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயரை எழுத வேண்டும். பாயின் வேலை அவ்வளவுதான். ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போதும். அவர் எட்டு மணி நேரம் செய்தார்.

ஏனென்றால் பட்டியலில் அநாதை வரிகள் உண்டு. ஒருவர் காரைத் திருப்பிக் கொடுத்து, இன்னொருவர் எடுப்பதற்கு நடுவில் கார் சும்மா நிற்கும் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் வாடகைக் கார் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. பெட்ரோல் போடப் போகும். டயர் மாற்றப் போகும். யாரோ ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். அப்போது விழும் கேட் யாருக்கு? பாய்க்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் அதை முந்தைய வாடிக்கையாளர் தலையிலோ பிந்தையவர் தலையிலோ கட்டிவிடுவார். நான்கு திர்ஹம்தானே, எவன் கேட்கப்போகிறான் என்பது ஆபீஸ் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் இதைக் கற்றுக்கொண்டேன். அதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொல்வதற்கு வெட்கம் என்ன?

பாய் வந்த மாதமே ஒரு கென்யாக்காரரின் பில்லில் வட்டம் போட்டார். அவர் தேராவில் துணி வாங்க வந்து, ஒரு வாரம் கார் வைத்திருந்து, ஊருக்குப் போயே பத்து நாள் ஆகியிருந்தது. அவர் பில்லில் ஏர்போர்ட் சுரங்க கேட் ஒன்று மட்டும், அவர் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, மாலை ஐந்து மணி சுமாருக்கு விழுந்திருந்தது. பாய் அந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எங்கள் பெஷாவர் டிரைவரிடம் போய், "சாயா எங்கே குடிப்பீங்க?" என்று இந்தியில் கேட்டார். கரக் சாயா என்கிற கெட்டி டீ என்றால் உயிரை விடுகிற மனிதர் அவர். ஏர்போர்ட் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடைதான் உசத்தி என்று ஐந்து நிமிஷம் புகழ்ந்த பிறகுதான் எதற்காகக் கேட்டார் என்பது அவருக்கு உறைத்தது. நான்கு திர்ஹத்தைத் திருப்பி அனுப்ப பாய் நைரோபிக்கு மூன்று முறை போன் செய்தார். அந்த மனுஷன் ஏதோ மோசடிக்காரன் என்று நினைத்து இரண்டு முறை துண்டித்தார்.

இதை வைத்து அவரை இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு திருச்சிக்காரர் கார் எடுத்தார். ஊர்ப் பழக்கத்தில், வளைவைத் தாண்டியதும் பணம் கட்டுகிற கூண்டு எங்கே என்று தேடியிருக்கிறார். காணோம். கட்டாமல் வந்துவிட்டோமே, போலீஸ் பிடிக்குமே என்று பயந்து, சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே வளைவுக்குள் நுழைந்திருக்கிறார். அப்போதும் கூண்டு இல்லை. மூன்றாவது முறை ரொம்ப மெதுவாகப் போய்ப் பார்த்திருக்கிறார், பின்னால் வந்தவர்கள் எல்லோரிடமும் ஹார்ன் வாங்கிக்கொண்டு. மூன்று கேட் விழுந்துவிட்டது. பில்லைப் பார்த்து அழாத குறையாக வந்து நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. பாய் எழுந்து வந்து, அவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "மூணு தடவையும் நீங்கதானே தம்பி போனீங்க?" என்றார். அவர் ஆமாம் என்றார். "அப்ப சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். டீக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

குற்றத்துக்கு மட்டும்தான் ஆள் தேடுவார் என்றால் அவரை வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். நல்லதுக்கும் தேடுவார். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்கள் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, 'கவுண்டரில் இருந்த பெண் எங்கள் குழந்தையின் பொம்மையைத் தேடிப் பத்திரமாக வைத்திருந்தார்' என்று எழுதிவிட்டது. முதலாளி என்னைப் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் பாய் வந்தார், கண்ணாடி நெற்றியில். "பொம்மைய சீட்டுக்கு அடியிலேர்ந்து எடுத்தது கார் கழுவுறவரு. தொடச்சு கவர்ல போட்டதும் அவருதான். நீங்க எடுத்துக் குடுத்தீங்க, அவ்வளவுதானே?" என்றார். நான் முறைத்தேன். "அவரு பேரையும் எழுதச் சொல்லி அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க தங்கச்சி. பாவம், அவரு பேரு எங்கயும் வர்றதே இல்ல." மெயில் போடும்வரை போகவில்லை. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் முன்னால் ரியாத்தில், பத்தா பஜாரில் ஒரு போன் ரிப்பேர் கடையில் இருந்தாராம். அங்கே ரிப்பேருக்கு வந்த போன் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுவார்களாம். வருகிறவர்களில் பாதிப் பேர் அப்துல்லா, மீதிப் பாதி முகமது. அதனால் பாய் பெயரோடு ஆளையும் எழுதுவாராம்: 'இடது காது கேக்காத பெங்காலி', 'சிரிச்சா வாயைப் பொத்துறவர்', 'மனைவி பிரசவம், அவசரம்'. கடை முதலாளி இதென்ன கதையா எழுதுகிறாய் என்று திட்டினாராம். ஆனால் ஒரு போனும் ஆள் மாறிப் போனதில்லை என்று பாய் சொல்வார், கொஞ்சம் பெருமையாகவே. அதற்கப்புறம் தம்மாமில் ஒரு கிடங்கில் இருந்தார். அங்கே என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, உடைந்த பெட்டிக்கெல்லாம் ஆள் தேடியிருப்பார்.

"ஏன் பாய் இப்படி உயிரை வாங்குறீங்க?" என்று ஒரு தடவை நேராகவே கேட்டேன். ஏதாவது பெரிய காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிஜமாகவே யோசித்துவிட்டு, "தெரியலையேம்மா. பேரு இல்லாம ஒரு வரி இருந்தா கண்ணு அங்கேயே போவுது. சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை. பாதிக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை.

ஷார்ஜாவில் என் தோழிக்கு வளைகாப்பு. செவ்வாய்க்கிழமை மத்தியானம். லீவு கேட்டால் முதலாளி முகத்தைத் தூக்குவார், அதனால் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம் என்று பட்டுப்புடவையின் மேல் ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பஸ்ஸில் போனால் ஆகாது. ஒன்றே முக்காலுக்கு ஒரு கார் திரும்பி வந்தது. பெட்ரோல் நிறைய இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. கொண்டுவந்தவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தார். நான் கம்ப்யூட்டரில் அவருடைய ஒப்பந்தத்தை முடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அதே சாவியோடு கிளம்பினேன். முடித்திருந்தால் நடுவில் விழும் கேட் அநாதை வரியாகிவிடும். பாய் வட்டம் போடுவார். முடிக்காவிட்டால் அது பாட்டுக்கு அந்த ஆளின் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும், பாய் கண்ணில் படாது. தெரிந்தேதான் செய்தேன். ஷார்ஜா சாலையில் போகும்போது மம்சார் கேட், வரும்போதும் மம்சார் கேட். நான்கு இருபத்தைந்துக்கு வந்து ஒப்பந்தத்தை முடித்தேன். எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் அருமை. கை நிறையக் கண்ணாடி வளையல்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த ஆள் வந்து நின்றார்.

பெரம்பலூர்க்காரர். ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை, கையில் நாலாக மடித்த எங்கள் பில். அவருடைய தம்பிக்கு வேலையிடத்தில் கால் முறிந்து தேராவில் ஆபரேஷன். மாவுக்கட்டோடு டாக்ஸியில் ஏற்றி இறக்க முடியாது என்று, ஒரு நாள் லீவு போட்டு எங்களிடம் கார் எடுத்து, தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அவன் தங்கியிருந்த முஹைஸ்னா தொழிலாளர் கேம்ப்பில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அது மொத்தமும் துபாய்க்குள்ளேயே. ஷார்ஜாப் பக்கமே போகவில்லை. ஆனால் கேம்ப்பில் யாரோ ஒருவன், இவர் வாடகைக் கார் எடுத்துக் காசுக்கு ஆள் ஏற்றுகிறார் என்று போட்டுக் கொடுத்திருக்கிறான். கள்ள டாக்ஸி ஓட்டினால் அங்கே சும்மா விடமாட்டார்கள். கம்பெனிக்கும் கெட்ட பெயர். சூப்பர்வைசர் எங்கள் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு மம்சார் கேட்.

"ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு ஷார்ஜாவுக்கு யார ஏத்திக்கிட்டுப் போனேன்னு கேக்கறாங்க மேடம். நான் மெட்ரோவுல வந்துட்டேன், மெட்ரோ கார்டுல நேரம் இருக்கு பாருங்கன்னேன். கார்டை எவன் வேணா தட்டலாம், காரு உன் பேர்லதான இருந்துச்சுங்கறாரு. வியாழக்கிழமைக்குள்ள எழுத்துல பதில் குடுக்கலேன்னா விசாவ கேன்சல் பண்ணிருவாங்களாம். என்னை டூட்டிலேர்ந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. பதினோரு வருசம் மேடம். பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்குது. நான் ஒன்னே முக்காலுக்கே உங்க கையிலதான சாவியக் குடுத்தேன்?"

நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாயிலிருந்து வந்தது என்னவோ இதுதான்: "எத்தனை பேர் சாவி கொடுக்கறாங்க, நேரமெல்லாம் ஞாபகம் இருக்குமா? சிஸ்டத்துல நாலு இருபத்தஞ்சுன்னு இருக்கு. சிஸ்டத்துல இருக்கறதுதான்."

கடைசி மேசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

பாய் வந்து பில்லை வாங்கிப் பார்த்தார். அவரை உட்காரச் சொன்னார். தம்பிக்கு எந்தக் கால், இப்போது நடக்கிறாரா என்று விசாரித்தார். பிறகு, "மன்னிச்சிருங்க தம்பி. இந்த ரெண்டு வரியில உங்க பேர எழுதினது நான்தான். நாளைக்குள்ள யாருன்னு பாத்துச் சொல்றேன்" என்று கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தார். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "இது யாரு தங்கச்சி?" என்றார்.

"தெரியாது பாய்."

"சரி."

என்னைப் பார்த்து முறைக்கவில்லை, குத்திப் பேசவில்லை. போய்விட்டார். போய் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். கார் கழுவுகிறவரைக் கேட்டார். மெக்கானிக்கைக் கேட்டார். பெஷாவர் டிரைவரைக் கேட்டார். அந்த மனுஷன் தலையில் கைவைத்து, "அல்லா கசம் பாய், நான் இல்லை, ஷார்ஜா சாயா எனக்குப் பிடிக்கவே பிடிக்காது" என்று இந்தியில் சத்தியம் செய்தார். எல்லோரிடமும் அதே கேள்வி, அதே மரியாதை. எனக்கு நன்றாகத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. அன்றைக்குப் பட்டுப்புடவையில் இருந்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் கேட்டுக்கொண்டே போனார், அவர்களில் யாராவது ஒருவராக இருக்கலாம் என்று நிஜமாகவே நம்புகிறவர் மாதிரி. கவுண்டரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தை என் வாழ்க்கையில் திரும்ப வேண்டாம் என்பேன்.

முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன விசாரணை? அந்த டீக்கார பதானாத்தான் இருக்கும். போன தடவையே சொன்னேன். இந்தத் தடவை ஊருக்கு டிக்கெட்டைக் கையில குடுத்து அனுப்பிருவேன்" என்றார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் டிக்கெட் என்ற சொல் வளைகுடாவில் எல்லோருக்கும் புரியும். அவர் முகம் செத்துப்போயிற்று.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து கடைசி மேசைக்குப் போனேன்.

"நான்தான் பாய்."

அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"ஷார்ஜாவுல ஒரு வளைகாப்பு. ஒப்பந்தத்தை வேணும்னுதான் முடிக்காம வெச்சேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னு."

அவர் சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது. உடனே, "அப்ப ஆபீஸ்னு எழுதிருங்க பாய். என் பேரு வேணாம். முதலாளி என்னை அனுப்பிருவாரு" என்று கெஞ்ச ஆரம்பித்தேன்.

"ஆபீஸ் கார் ஓட்டுமா தங்கச்சி?" என்றார். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீங்களே எழுதுங்க. நான் எழுதினா நான் கண்டுபிடிச்சதாயிரும். நீங்க எழுதினா நீங்க சொன்னதா இருக்கும்."

எழுதினேன். பட்டியலில் பெரம்பலூர்க்காரர் பெயரை அடித்துவிட்டு என் பெயர். பிறகு கம்பெனித் தாளில், அன்றைக்குக் கார் ஒன்றே முக்காலுக்கே திரும்ப வந்துவிட்டது, அதற்குப் பிறகு அதை ஓட்டியது எங்கள் ஊழியரான நான், வாடிக்கையாளருக்கு அந்த இரண்டு கேட்டோடும் சம்பந்தமில்லை என்று ஒரு கடிதம். கீழே என் கையெழுத்து, என் போன் நம்பர். முத்திரை முதலாளி அறையில் இருந்தது.

முதலாளி எட்டு திர்ஹத்தை உடனே மேசையில் வைத்தார். "காசைத் திருப்பிக் குடு, முடிஞ்சது. எங்க ஊழியருங்க வாடிக்கையாளர் பேர்ல ஊர் சுத்தறாங்கன்னு நானே முத்திரை குத்திக் குடுக்கணுமா?" என்றார். அவர் சொன்னதும் வியாபாரத்துக்கு நியாயம்தான். பாய் நின்றுகொண்டே, "காசு அவருக்கு வேணாம் முதலாளி. அவருக்கு வேலை வேணும். இந்தக் கடிதம் போகலேன்னா இந்த மாசப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பட்டியலில் கையெழுத்து இல்லாமல் ஒரு பில்லும் வசூலாகாது. அரை மணி நேரம் கழித்து முத்திரை விழுந்தது. என்னை என்ன செய்வது என்பதைப் பிறகு சொல்கிறேன் என்றார் முதலாளி.

வியாழக்கிழமை மத்தியானம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஆபீஸ் போன் ஸ்பீக்கரில் காத்திருந்தது. நாங்கள் பேசுவது அந்தப் பக்கம் கேட்காதபடி அவர் அதை மியூட்டில் வைத்திருந்தார். "ஜெபல் அலியிலேர்ந்து அந்த சூப்பர்வைசர். கடிதம் நிஜமான்னு கேக்கறான். பரிதாபப்பட்டு எழுதிக் குடுத்தோம், சரியாத் தெரியலன்னு சொல்லிரு. அவன் நம்பாட்டி அது அவன் பாடு. நம்ம கம்பெனி பேரு தப்பிச்சுரும். நீயும் இங்கயே இருக்கலாம், நான் எதையும் மனசுல வெச்சுக்க மாட்டேன்" என்றார்.

அறைக் கதவு திறந்திருந்தது. பாய் அவர் மேசையில் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏதாவது ஒரு ஜாடை காட்டுவார், தலையை ஆட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பிற்பகல் அசர் தொழுகைக்கு வெளியே போய்விட்டார். பாங்கு சொல்ல இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, நடு ஆற்றில் விட்டுப் போகிறாரே என்று. இப்போது யோசித்தால் புரிகிறது. அவர் அங்கே இருந்திருந்தால் அவருக்குப் பயந்துதான் சொன்னேன் என்று நானே நினைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. போனை எடுத்தபோது அறையில் முதலாளியும் நானும்தான்.

அந்தப் பக்கம் ஒரு களைத்த குரல், இந்தியில். கடிதத்தில் இருப்பது நீதானா என்றது. நான்தான் என்றேன். காரை நீ ஓட்டினாயா, வேறு யாருக்காகவாவது சொல்கிறாயா என்றது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் ஓட்டினேன். வளைகாப்புக்குப் போனேன். உங்க ஆளு மேல ஒரு தப்பும் இல்லை, அவர் பேர்ல போட்டது என் தப்பு" என்றேன். வளைகாப்பு என்றால் என்ன என்று அந்த மனுஷர் கேட்டார். விளக்கினேன். பிறகு, "டீக் ஹை, சரி. அவனை இன்னைக்கு செகண்ட் ஷிஃப்டுக்கு வரச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

முதலாளி ரொம்பப் பேசவில்லை. மாதம் முடியும்வரை சம்பளம், இன்றோடு வேலை முடிந்தது என்றார். அவரிடம் எனக்குக் கசப்பு இல்லை. பாயிடம்தான் இருந்தது, பல மாதங்கள். பிறகு அஜ்மானில் வேறொரு கம்பெனியில் கவுண்டர் கிடைத்தது. இப்போது அங்கே நான்தான் மேனேஜர். சாவி கைக்கு வந்த அதே நிமிஷம் ஒப்பந்தத்தை முடிக்காத பிள்ளைகளை நான் படுத்துகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும். பாயை அதற்கப்புறம் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் ஊரோடு போய்விட்டார் என்று டிரைவர் சொன்னார். ஒரு போன் செய்திருக்கலாம் நான். செய்யவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

அன்றைக்கு என் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் கிளம்பி, வீட்டுக்குப் போக ஷார்ஜா பஸ் பிடித்தேன். மம்சார் வளைவுக்குக் கீழே பஸ் போகும்போது மணி நாலரை இருக்கும். ஜெபல் அலியில் செகண்ட் ஷிஃப்ட் தொடங்கியிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் அழுகை வரும் என்று கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாத பசிதான் வந்தது, அப்படி ஒரு பசி.